திருகோணமலையில் பேய்ப்படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் ஒரு ரியூஷன் கொட்டிலில் கூடிப் படம் பார்ப்பதும், கையிலிருக்கும் போனால் குறும்படம் எடுப்பதும்தான் எங்கள் வேலை. புதிதாக வரும் பெடியளும் பெட்டையளும் பெரும்பாலும் பேய்க்கதையோடுதான் வருகிறார்கள். கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எழுதி வைத்தாயிற்று. பதில்களோடு சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் நேரில் வரலாம், தேத்தண்ணி உண்டு.

ஏன் எல்லாரும் பேய்ப்படத்திலேயே தொடங்குகிறார்கள்?

முதற்காரணம் காசு. இருட்டுக்கு வாடகை இல்லை. 1999 இல் வெளிவந்த 'த பிளேர் விச் புரொஜெக்ட்' படத்தில் காட்டுக்குள் போன மூன்று நடிகர்களே கமராவையும் பிடித்தார்கள். 'பரநோர்மல் அக்டிவிட்டி'யை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டொலருக்குள் எடுத்து முடித்தார். ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' (1968) கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சொக்லேட் பாகே போதுமாக இருந்தது. பெயர் மாற்றும்போது பதிப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அதனால் அந்தப் படம் இன்றைக்கு எல்லாருக்கும் பொதுச் சொத்து. இணையத்தில் சட்டப்படியே இலவசமாகப் பார்க்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பதினெட்டு வயதில் காதல் கதை எடுத்தால் வீட்டில் கேள்வி வரும். அரசியல் எடுத்தால் வெளியில் கேள்வி வரும். பேய்க்கதையை அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டே எடுக்கலாம். வேறு கதையில் சொல்ல முடியாததைப் பேயின் தலையில் கட்டிவிடலாம் என்பதுதான் இந்த வகைப் படத்தின் பெரிய வசதி. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் வெறுமனே கதவை அடித்துச் சாத்துகிற படங்கள்தான் எங்களுக்கு அலுப்புத் தருகின்றன.

சுயாதீனப் படம், பரீட்சார்த்தப் படம்: இரண்டும் ஒன்றா?

இல்லை. சுயாதீனம் என்பது காசும் முடிவும் யார் கையில் என்பதைப் பற்றியது. பரீட்சார்த்தம் என்பது படம் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றியது. இரண்டும் ஒன்றாக வரலாம். 1943 இல் மாயா டெரனும் கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டும் தங்கள் வீட்டிலேயே எடுத்த 14 நிமிடப் படம் 'மெஷஸ் ஒஃப் த ஆஃப்டர்நூன்'. ஒரு திறப்பு, ஒரு கத்தி, முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த ஓர் உருவம், அவ்வளவுதான். கதை விளங்கவில்லை என்று கோபிக்காமல் ஒருமுறை பாருங்கள். வீட்டுச் சாமானை வைத்தே எவ்வளவு பயம் காட்டலாம் என்பது தெரியும்.

பழைய பங்களாவும் வெள்ளைச் சேலையும் இல்லாமல் பேய்ப்படமா? எங்களுடைய பேய் எது?

பங்களாவும் வெள்ளைச் சேலையும் சென்னைப் படங்களிலிருந்து கடன் வாங்கியவை. இங்கே மோகினிக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிய இருபது வயதுக்காரர் யாரையும் நாங்கள் காணவில்லை. வேறு எதற்கு முடங்கினார்கள் என்று கேளுங்கள், கதை கிடைக்கும்.

2011 ஆகஸ்டில் நாடு முழுக்கக் கிறீஸ் பூதம் பற்றிய பீதி பரவியது. பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு வருகிறான் என்று கதை. கிழக்கில் ஊர் ஊராக ஆண்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள். கிண்ணியாவில் மக்களுக்கும் படையினருக்கும் மோதலே வந்தது. அந்த இரவுகளில் சிறுபிள்ளையாகப் பாய்க்குள் சுருண்டு கிடந்தவர்களுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளை கேட்டதென்ன, வாசலில் காவலிருந்த அப்பாவின் முகம் எப்படி இருந்தது, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்கள்? இதில் ஒரு முழுப்படம் இருக்கிறது, இன்னும் யாரும் சரியாக எடுக்கவில்லை. பூதத்தை ஒரு பிறேமில்கூடக் காட்டத் தேவையில்லை.

கதை தேட இரண்டு வழிகள். ஜப்பானிய இயக்குநர் நொபுஹிகோ ஒபாயாஷி 'ஹவுசு' (1977) படத்துக்கு யோசனை கேட்டது தன் சின்ன மகளிடம். கண்ணாடியில் தெரியும் தன் உருவமே தன்னைத் தின்ன வருவதும், விரலைக் கடிக்கும் பியானோவும் அந்தப் பிள்ளையின் பயங்கள். பெரியவர்கள் விளங்குகிற பயத்தைத்தான் யோசிப்பார்கள், பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உங்கள் தங்கச்சியிடம் கேளுங்கள். கனடாக்காரரான கைல் எட்வர்ட் போல், யூடியூப்பில் ஆட்கள் எழுதியனுப்பிய கெட்ட கனவுகளைச் சிறு படங்களாக எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கம்தான் 'ஸ்கினமரிங்க்' (2022) ஆனது. தான் வளர்ந்த வீட்டில், சுவரையும் கூரையையும் கதவு நிலையையும் பார்த்தபடி, தகப்பனைக் காணாத இரண்டு பிள்ளைகளின் இரவு. முதல் வேலையாக ஒரு கொப்பியில் நண்பர்களின் கனவுகளை எழுதத் தொடங்குங்கள். உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் பேனை எழுதாமல் போவது, கொழும்பில் வாடகை அறையில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கடல் பின்வாங்குவது. இந்த மூன்றும் எங்களுக்கு அடிக்கடி கிடைக்கின்றன.

ஜின் பற்றி எடுக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் கிண்ணியா, மூதூர்ப் பெடியள். எடுக்கலாம், ஆனால் பேய்க்கதையும் ஜின்னும் ஒரே தட்டில் வைக்கிற விஷயங்கள் அல்ல. முஸ்லிம்களுக்கு ஜின் இருப்பது குர்ஆனில் வருகிற நம்பிக்கை. ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைதான் எழுத வேண்டும், மற்றவர்கள் கமரா பிடிக்கலாம். ஓதும் சத்தத்தைப் பயமுறுத்தும் பின்னணி இசையாகப் போடவே வேண்டாம். இதே சட்டம் கோயிலில் உரு ஆடுகிறவர்களுக்கும் பொருந்தும். அம்மன் சடங்கில் கலை வந்து ஆடும் ஒரு பெண்ணைத் தூரத்திலிருந்து போனில் பிடித்து, சிவப்பு நிறம் ஏற்றி 'திகில் காட்சி' ஆக்குவது சோம்பேறித்தனம். அவருக்கும் ஊருக்கும் செய்கிற அவமரியாதையும் கூட.

யுத்தத்தில் செத்தவர்களை, சுனாமியில் போனவர்களை, காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பேயாகக் காட்டலாமா?

அதிகம் வாக்குவாதம் நடந்த கேள்வி இது. உடனே 'கூடாது' என்று சொல்வது சுலபம். ஆனால் உலகத்தில் இந்த வகையில் வந்த நல்ல படங்கள் பல இந்த வேலையைத்தான் செய்திருக்கின்றன. எப்படிச் செய்தன என்று பார்ப்போம்.

விக்தோர் எரிசேயின் 'த ஸ்பிரிட் ஒஃப் த பீஹைவ்' 1973 இல் ஸ்பெயினில் வந்தது, சர்வாதிகாரி பிராங்கோ அப்போது உயிரோடு ஆட்சியில் இருந்தார். கதை நடப்பது 1940 இல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு. கிராமத்துக்கு வந்த நடமாடும் சினிமாவில் பிராங்கன்ஸ்டைன் படம் பார்த்த சின்னப்பிள்ளை அனா, பட்டியில் ஒளிந்திருக்கும் காயம்பட்ட ஓர் ஆளை அந்தப் பூதத்தின் ஆவி என்று நினைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறாள். இரவில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். போர் பற்றி ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. பயமெல்லாம் அந்தப் பிள்ளையின் கண்ணில்.

தாய்லாந்துக்காரர் அபிசாட்பொங் வீரசெத்தகுல், நபுவா என்ற வடகிழக்குக் கிராமத்துக்குப் போனார். 1965 இல் அரச படைக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கும் முதல் துப்பாக்கிச் சண்டை நடந்த இடம் அது. பின்னர் இராணுவம் அங்கேயே முகாமிட்டது, ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடினார்கள். அவர் கிழவர்களைப் பேட்டி எடுத்து முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, எதையும் நேரில் காணாத பேரன்மாரைச் சேர்த்துக்கொண்டார். 2009 இல் வந்த 'பாண்டம்ஸ் ஒஃப் நபுவா' பத்து நிமிடப் படம்: இரவில் அந்தப் பெடியள் தீப்பற்றிய பந்தை உதைத்து விளையாடுகிறார்கள், பின்னால் கட்டியிருந்த திரையில் மின்னல் விழுந்துகொண்டிருக்கிறது, கடைசியில் பந்து பட்டுத் திரையே எரிகிறது. அடுத்த ஆண்டு 'அங்கிள் பூன்மீ'க்குக் கான் விழாவில் தங்கப்பனை விருது கிடைத்தது, அது தெரிந்த கதை. எங்களுக்கு அந்தப் பத்து நிமிடமே பெரிது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், யுத்தத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்த சம்பூரிலோ தென்னமரவாடியிலோ ஒரு வெறுங்காணியில் கிரிக்கெட் அடிக்கும்போது காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வியை இப்படியும் கேட்கலாம்.

மூன்றாவது, மாத்தி தியோப்பின் 'அட்லான்டிக்ஸ்' (2019). செனகலின் டக்கார் கரையில் கட்டட வேலை செய்து சம்பளம் கிடைக்காத இளைஞர்கள் படகேறி ஸ்பெயினுக்குப் புறப்படுகிறார்கள். கடல் அவர்களை விழுங்குகிறது. அவர்களுடைய ஆவிகள் ஊரிலுள்ள பெண்களின் உடம்பில் இறங்கி, இரவில் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சம்பளப் பாக்கியைக் கேட்கின்றன. 2012 அளவில் எங்கள் கரையிலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய பெடியளைத் தெரிந்தவர்கள் இந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டு எழும்ப முடியாது.

மூன்றிலும் செத்தவர் பயமுறுத்த வருவதில்லை. பாக்கியைக் கேட்க வருகிறார், அல்லது உதவி கேட்க வருகிறார், அல்லது வருவதே இல்லை. எங்கள் அளவுகோலும் அதுதான்: உங்கள் கதையில் வரும் பேய் யாருடைய அண்ணன் என்று சொல்லக்கூடியதாக இருந்தால், அந்த வீட்டுக்காரர் முன்வரிசையில் இருந்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று வீதியில் நிற்கும் தாய்க்கு நீங்கள் அவனைப் பேயாக்கிக் காட்டுவது, தீர்ப்பு எழுதிக் கொடுப்பதாகிவிடும். அதை நாங்கள் செய்யமாட்டோம்.

எந்த இடங்களில் எடுக்கலாம்?

எல்லாருடைய பட்டியலிலும் முதலில் இருப்பவை இராவணன் வெட்டும் கோணேசர் மலையும். அங்கே போகும் வழி பிரெட்ரிக் கோட்டை, அது இன்றைக்கும் இராணுவத்தின் இடம். போனில் குடும்பப் படம் எடுப்பது வேறு, ஸ்டாண்டும் லைட்டும் கொண்டுபோவது வேறு. முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பழைமையான சின்னங்கள் என்றால் தொல்லியல் திணைக்களம், புறாமலைத் தீவு தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களம். பொலிசுக்கும் ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் இரவில் நிம்மதி. டிரோன் வேண்டாம். பக்கத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை, சிக்கல் நிச்சயம். எண்ணெய்க் குதங்களைப் பற்றிய கனவையும் விட்டுவிடுங்கள்.

நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையை ஒவ்வொரு குழுவும் கேட்கும். புல் வெட்டி, கல் வரிசையாக, அழகாகத்தான் இருக்கும். படுத்திருப்பவர்கள் பலர் உங்கள் வயதுக்காரர்கள், இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின, அந்தக் கதைகூட நிறையப் பேருக்குத் தெரியாது. கல்லறையைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் பராமரிக்கிறது, அவர்களிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. கேட்டாலும் பேய்ப்படத்துக்கு எங்கள் ஆதரவு இல்லை. கன்னியா வெந்நீரூற்றும் அப்படித்தான். செத்தவர்களுக்குக் கிரியை செய்ய வரும் குடும்பங்களை உங்கள் பிறேமுக்குள் இழுக்காதீர்கள்.

அப்ப எங்கேதான் எடுப்பது? வீட்டில். ரியூஷன் முடிந்த பிறகு கதிரைகள் மட்டும் இருக்கும் கொட்டிலில். மழைநாளில் மட்டிக்களியில் ஓர் ஒழுங்கையில். கிண்ணியாப் பாலத்தைப் பகலில், மோட்டார்சைக்கிளில் இருந்து. தெரிந்த இடம் கொஞ்சம் பிசகியிருந்தால் வருகிற பயம், தெரியாத பங்களாவில் வராது.

இந்தக் கடலுக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறோம். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1950களில் சுவாமி மலைக்கு (மேலே சொன்ன கோணேசர் மலைதான்) கீழே கடலுக்குள் இறங்கிப் பழைய கோயிலின் கற்களைப் படம் பிடித்தார்கள். அதே வில்சன்தான் 1962 இல், சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படத்தை இந்த நீருக்கடியிலும் எடுத்தவர்.

போனில் இரவுக் காட்சி புள்ளி புள்ளியாக வருகுது. என்ன செய்ய?

இரவில் இரவை எடுக்காதீர்கள். இங்கே சூரியன் கடலில் உதித்து, தரைப்பக்கம் மறையும். அதனால் அந்தியில் டச்சுக் குடாவிலோ உப்புவெளியிலோ நின்று கடலைப் பார்த்தால் முன்னால் வெளிச்சம் கண்ணில் அடிக்காது, நீலம் சீக்கிரம் இறங்கும். சூரியன் மறைந்த பிறகு ஏறத்தாழ இருபது நிமிடம் கிடைக்கும். ஒத்திகையெல்லாம் பகலில் முடித்துவிட்டு, அந்த இருபது நிமிடத்தில் எடுங்கள். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்துப் பூட்டிவிட்டால் திரையில் அது நடுச்சாமம்.

வீட்டுக்குள் என்றால் நடிக்கிறவரின் கையிலேயே வெளிச்சத்தைக் கொடுங்கள்: குப்பி விளக்கு, டோர்ச், போன் திரை. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஆகவே வினாடிக்கு 25 பிறேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் குழல்விளக்கு மினுக்காது. போனோடு வரும் கமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் 'பிளக்மஜிக் கமரா' செயலி இலவசம். புள்ளி வந்தாலும் பரவாயில்லை, 'ஸ்கினமரிங்க்' முழுக்கப் புள்ளிதான். அது தெரிந்து செய்தது என்பதுதான் வித்தியாசம்.

சத்தத்துக்கு என்ன செய்வது?

படத்தைவிட இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். படம் மங்கலாக இருந்தால் ஆட்கள் பொறுப்பார்கள், சத்தம் கரகரத்தால் எழும்பிப் போய்விடுவார்கள்.

மின்விசிறியை நிற்பாட்டுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. ஒவ்வோர் இடத்திலும் யாரும் கதைக்காமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள், வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் முடியாது. கடற்கரையில் எடுத்தால் அலை ஒவ்வொரு வெட்டிலும் துள்ளும். அதனால் அலையைத் தனியாக ஐந்து நிமிடம் பதிந்து, முழுக் காட்சிக்கும் கீழே விரித்துவிடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் திறந்த வெளியில் வசனம் வேண்டாம். மைக்கைத் துணியால் சுற்றினாலும் அந்தக் காற்று விடாது.

பயமுறுத்தும் சத்தங்களை இணையத்திலிருந்து இறக்காதீர்கள். ஓநாயின் ஊளையை இங்கே யார் கேட்டது? நாங்கள் பயப்பட வளர்ந்த சத்தங்கள் வேறு. கதைத்துக்கொண்டிருக்கும்போது பல்லி சொல்வது. தெருநாய்கள் ஒரே திசையைப் பார்த்துக் குரைப்பது. இரவில் ஆட்காட்டிக் குருவி கத்துவது. யாராவது கிட்டப் போனால்தான் அந்தக் குருவி அப்படிக் கத்தும் என்பது வயல்பக்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும். யுத்தகாலத்தில் அது கத்தினால் பெரியவர்கள் விளக்கைத் தணித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அந்த ஒரு குரலைச் சரியான இடத்தில் வைத்தால், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இருபது வயதுக்காரர்கள் ஏன் என்று அவர்களைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் கதைக்காகவே படம் எடுக்கலாம்.

எந்தத் தமிழில் கதைப்பது?

வீட்டில் கதைக்கிற மாதிரி. பேய் வந்தவுடன் 'என்னடா மச்சி இது' என்று கோடம்பாக்கத்துக்குத் தாவ வேண்டாம்.

நித்திரையில் யாரோ நெஞ்சில் ஏறி அமுக்கினது. இதைக் கதையாக்கலாமா, அல்லது எனக்கு ஏதும் பிழையா?

அமுக்குப் பேய் என்பார்கள். கனவு காணும் கட்ட நித்திரையில் உடம்பின் தசைகள் இயங்காமல் கட்டுண்டிருக்கும். மூளை விழித்தும் கட்டு அவிழாமல் இருந்தால் அசைய முடியாது, மூச்சு முட்டுவதுபோல இருக்கும், அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றும். சில வினாடி, அல்லது ஓரிரு நிமிடம். நித்திரை குழம்பியவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும், அதனால்தான் பரீட்சைக் காலத்தில் இந்தக் கதை நிறையக் கேட்கிறோம். ஆபத்தில்லை, அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கதைக்கு அருமையான பொருள்: நடிக்கிறவர் அசையக்கூடாது, கமராவும் அசையக்கூடாது, செலவே இல்லை.

ஒரு தாயின் கேள்வி: மகள் எந்த நேரமும் சாவு, பேய் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். விடலாமா?

அம்மா, எழுதுகிற பிள்ளையைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. முடிந்தால் படத்தில் ஒரு சின்னப் பாத்திரம் கேட்டு வாங்கி நடியுங்கள், அவள் என்ன யோசிக்கிறாள் என்று விசாரிக்காமலே தெரியவரும். எழுதுவதை விட்டுவிட்டு, சாப்பாடு, நித்திரை, சிநேகிதிகள் எல்லாவற்றையும் ஒதுக்கினால்தான் யோசிக்க வேண்டும். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவி அழைப்பு, அங்கே தமிழிலும் கதைக்கலாம். படப்பிடிப்பில் எங்களுக்கும் ஒரு விதி உண்டு: நடிக்கிற பிள்ளை உண்மையிலேயே பயந்துவிட்டால் கமரா நிற்கும். 'நல்லா வருது, எடு' என்று சொல்கிறவர் அடுத்த நாள் வரத் தேவையில்லை.

பேயை எத்தனையாவது நிமிடத்தில் காட்டலாம்?

காட்டாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், எல்லாருக்கும் நடுவில்.

முடித்த படத்தை எங்கே காட்டுவது?

முதலில் நடித்தவர்களின் வீட்டில், பெற்றோருக்கு. பிறகு நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள், பார்க்க ஆட்கள் இருப்பார்கள், கடுமையாகக் குறையும் சொல்வார்கள். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா குறும்படங்களையும் திரையிட்டிருக்கிறது, அறிவித்தலைப் பார்த்து அனுப்புங்கள். ரிக்கெட் போட்டுப் பகிரங்கமாகக் காட்டுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கான கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, கொழும்பிலுள்ள சபைதான் அனுமதி கொடுக்கும், நாள் எடுக்கும். இணையத்தில் ஏற்றினால் பிறர் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், யூடியூப் அதைக் கண்டுபிடித்துச் சத்தத்தையே நிற்பாட்டக்கூடும். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுத்துவரி போடுங்கள். சிங்களத்துக்கு ஆள் இல்லையென்றால் எங்களிடம் வாருங்கள், கந்தளாயிலிருந்து வரும் இரண்டு பேர் உதவுவார்கள். படம் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் அவர்கள் முறைப்பார்கள்.